பாலஸ்தீனத்துக்கும் போகக் கூடாது, இங்கேயும் வரக் கூடாது: பிரிட்டனும் யூத அகதிகளும், 1945–48

1946 ஜூன் 12, இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் ஆளும் தொழிற்கட்சியின் மாநாடு. வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பேசுகிறார். ஒரு லட்சம் யூத அகதிகளை பிரிட்டிஷ் ஆட்சியில் இருக்கும் பாலஸ்தீனத்துக்குள் விடுங்கள் என்று அமெரிக்கா, குறிப்பாக நியூயார்க், ஏன் இப்படி நச்சரிக்கிறது தெரியுமா? மிகத் தூய்மையான நோக்கம்தான், நியூயார்க்கில் யூதர்கள் அளவுக்கு மேல் சேர்ந்துவிடக் கூடாதாம். அவர் சொன்னதன் சாரம் இதுதான்.

இந்தப் பேச்சு பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. பச்சையான யூத வெறுப்பு, இதில் ஆராய என்ன இருக்கிறது என்கிறது ஒரு தரப்பு. இல்லை, அவர் குத்திக்காட்டியது அமெரிக்காவின் இரட்டை வேடத்தை, தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்தவன் வீட்டுக் கதவைத் திறக்கச் சொல்வதைத்தான் கேலி செய்தார் என்கிறது மறு தரப்பு. எனக்கென்னவோ இரண்டாவது தரப்பு சொல்வதில் நிறையவே உண்மை இருப்பதாகப் படுகிறது. பெவினுக்குச் சிக்கலே அங்கேதான், ஏனென்றால் அவர் அமெரிக்காவிடம் கேட்ட அதே கேள்வியை அவருடைய அரசிடம் கேட்டால் பதில் இன்னும் மோசமாக இருக்கிறது.

சரி, கொஞ்சம் பின்னால் போவோம்.

போர் முடிந்ததும் அமெரிக்க அதிபர் ட்ரூமன், பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரித் தலைவர் எர்ல் ஹாரிசனை ஜெர்மனிக்கு அனுப்பி அகதி முகாம்களைப் பார்த்துவரச் சொன்னார். 1945 ஆகஸ்டில் வந்த அவரது அறிக்கை அமெரிக்க ராணுவத்துக்கே அவமானமாகிவிட்டது. விடுதலை கிடைத்துச் சில மாதங்கள் ஆன பிறகும் யூதர்கள் முள்வேலிக்குள்தான் இருந்தார்கள், சிலர் வதைமுகாமின் கோடு போட்ட உடையோடு, சில இடங்களில் நாஜிகளுக்கு வேலை செய்தவர்களோடு ஒரே முகாமில். நாஜிகள் யூதர்களை நடத்தியது போலத்தான் நாமும் நடத்துகிறோம், கொல்லவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம் என்று எழுதினார் ஹாரிசன். ஒரு லட்சம் பேருக்குப் பாலஸ்தீன அனுமதி கொடுங்கள் என்றும் பரிந்துரைத்தார். (பவேரியாவில் அப்போது பொறுப்பில் இருந்த ஜெனரல் பாட்டன், ஹாரிசன் மாதிரி ஆட்கள் அகதிகளை மனிதர்களாக நினைக்கிறார்கள், அவர்கள் மனிதர்களே அல்ல, யூதர்களோ விலங்குகளுக்கும் கீழே என்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பாட்டனுக்கு சியோனிசம், அதாவது பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு நாடு வேண்டும் என்ற இயக்கம், அதைப் பற்றியெல்லாம் கவலையே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.)

ட்ரூமன் அறிக்கையை லண்டனுக்கு அனுப்பினார். பிரதமர் அட்லி செப்டம்பரில் எழுதிய பதில் இந்த விஷயத்தின் முக்கிய ஆவணம். முகாம்களில் ஐரோப்பாவின் ஏறத்தாழ எல்லா இனத்தாரும் இருந்தார்கள், பட்ட சித்திரவதையில் பெரிய வித்தியாசம் இருந்ததாகத் தெரியவில்லை, யூதர்களைத் தனி இனமாகப் பிரித்து வரிசையில் முன்னால் நிறுத்தினால் அது அவர்களுக்கே பேராபத்தாக முடியும் என்றார். நவம்பர் 13 அன்று பெவின் இதையே செய்தியாளர்களிடம் இன்னும் கரடுமுரடாகச் சொன்னார்: எவ்வளவோ துன்பப்பட்டிருந்தாலும் யூதர்கள் வரிசையில் ரொம்பவும் முந்தப் பார்த்தால் மறுபடி யூத வெறுப்பு கிளம்பும் அபாயம் உண்டு.

ஜெர்மனியில் இருந்த பெல்சன் வதைமுகாமை 1945 ஏப்ரல் 15 அன்று விடுவித்ததே பிரிட்டிஷ் படைதான். குவிந்து கிடந்த பிணங்களைப் புதைத்ததும் அவர்கள் மேற்பார்வையில்தான். அது நடந்து ஐந்தே மாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று ஒரு பிரதமர் எழுதுகிறார். அறியாமை என்று விட்டுவிட முடியாது. இதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. யூதர் என்பது மதம், தேசிய இனம் இல்லை, ஆட்களை இனவாரியாகப் பிரிப்பது ஹிட்லரின் வேலை, நாங்கள் அதைச் செய்ய மாட்டோம் என்பது பிரிட்டிஷ் நிலை. காகிதத்தில் படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் போலந்து யூதர் போலந்துக்காரர் ஆனார், ஜெர்மன் யூதர், வதைமுகாமில் இருந்து உயிரோடு வெளியே வந்த அந்த ஆள், எதிரி நாட்டுக் குடிமகன் ஆனார்! யூதர்களைத் தனிக் கூட்டமாக ஏற்றுக்கொண்டால் அடுத்த கேள்வி அவர்களுக்கென்று ஒரு நாடு என்பதாக இருக்கும், அது பாலஸ்தீனத்தில் போய் நிற்கும் என்ற பயம் இதில் இருந்தது. பெல்சன் பக்கத்தில் அமைந்த அகதி முகாமை பிரிட்டிஷ் ராணுவம் ஹோனே என்றே குறிப்பிட்டது. உள்ளே இருந்தவர்களோ, யோசெஃப் ரோசன்சாஃப்ட் தலைமையிலான குழுவில் தொடங்கி, கடிதம், அறிக்கை எல்லாவற்றிலும் பெல்சன் என்றே பிடிவாதமாக எழுதினார்கள்.

இந்த இடத்தில் பெவின் பக்கம் நின்றும் பேச வேண்டும். பாலஸ்தீனத்தில் அரபு மக்கள் பெரும்பான்மை. 1936 முதல் 1939 வரை அவர்கள் நடத்திய கிளர்ச்சியை பிரிட்டன் அடக்கியது, அப்புறம் அவர்களைச் சமாதானப்படுத்த 1939இல் வெள்ளை அறிக்கை என்ற கொள்கை அறிவிப்பில் ஐந்து வருடத்துக்கு 75,000 யூதர்கள், அதற்கு மேல் அரபுகள் சம்மதித்தால்தான் என்று வாக்குக் கொடுத்தது. ஐரோப்பா செய்த கொலைக்குப் பாலஸ்தீன விவசாயி ஏன் நிலத்தைக் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு இன்றுவரை யாரும் நேர்மையாகப் பதில் சொன்னதில்லை. அதைக் கேட்பதற்கு யூதரை வெறுக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்னொன்று, பெவினின் சொந்தக் கட்சிதான் 1944 டிசம்பர் மாநாட்டில், யூதர்கள் உள்ளே வர வர அரபுகளை வெளியே போக ஊக்குவிக்கலாம் என்று தீர்மானமே போட்டது. அந்தத் தீர்மானத்தோடு ஒப்பிட்டால் பெவின் அரபு மக்களை மனிதர்களாகவாவது கணக்கில் எடுத்தார் என்று சொல்லலாம். எண்ணெய், சூயஸ், இந்திய முஸ்லிம்களின் மனநிலை என்ற கணக்குகளும் அதில் கலந்திருந்தன, அது வேறு கதை.

ஆக அவருடைய கொள்கை சியோனிச எதிர்ப்பு, அதை மட்டும் வைத்து யூத வெறுப்பு என்று முத்திரை குத்த முடியாது. அப்படியென்றால் வித்தியாசத்தை எங்கே பார்ப்பது? என் கணக்கில் ஒரே ஒரு கேள்வி போதும். பாலஸ்தீனம் வேண்டாம் என்றால் வேறு எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

பிரிட்டன் என்ன பதில் வைத்திருந்தது? 1945 நவம்பரில் உள்துறை அமைச்சர் ச்யூட்டர் ஈட் ஒரு திட்டம் அறிவித்தார், பிரிட்டனில் நெருங்கிய உறவினர் இருந்து, தன்னந்தனியாகத் தவிக்கும் அகதிகளை மட்டும் வரவழைக்கலாம் என்று. பலனடைந்தவர்கள் சொற்பம். நாட்டில் வீடு இல்லை, சோறு ரேஷன், வேலைக்குப் போட்டி என்று காரணம் சொன்னார்கள். அதுவும் பொய்யில்லை, அன்றைய பிரிட்டன் உண்மையிலேயே நொந்துபோய்த்தான் இருந்தது. ஆனால் அதே நொந்துபோன நாட்டுக்கு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் நெசவாலைக்கும் வயலுக்கும் மருத்துவமனைக்கும் ஆள் வேண்டியிருந்தது. ஆகவே 1946 கடைசியில் இருந்து ஜெர்மனி, ஆஸ்திரியா முகாம்களுக்கே ஆள் அனுப்பி ஏறத்தாழ 80,000 பேரைக் கூட்டிவந்தார்கள். லாட்வியர், லிதுவேனியர், எஸ்டோனியர், உக்ரைனியர். முகாமில் இருந்த யூதர்கள் அந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு ஒதுக்கப்பட்டார்கள். பிரிட்டிஷ் தலைமையில் சண்டை போட்ட போலந்துப் படையினரும் குடும்பங்களுமாக ஒரு லட்சத்துக்கு மேல் தங்கிக்கொண்டார்கள், அது கடமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல வேண்டியது 1947இல் இத்தாலியின் ரிமினி முகாமில் இருந்து வந்த ஏறத்தாழ 8,000 உக்ரைனியர்களைப் பற்றி. அவர்கள் நாஜிகளின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்எஸ்ஸின் கலீசியா டிவிஷன் ஆட்கள். ஹிட்லரின் எஸ்எஸ் சீருடையைப் போட்டவனுக்குக் கிடைத்த கப்பல், அந்த எஸ்எஸ்ஸிடம் இருந்து தப்பியவனுக்குக் கிடைக்கவில்லை.

இதைப் பார்த்த பிறகு வரிசை, முந்துதல் என்ற பேச்சையெல்லாம் நான் நம்பத் தயாராக இல்லை.

இதற்கு நேர் எதிராக இன்னொரு சியோனிச எதிர்ப்பாளர் இருக்கிறார், லெசிங் ரோசன்வால்ட். சியர்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனத்தை வளர்த்த பணக்காரக் குடும்பத்து யூதர், யூதம் ஒரு மதம் மட்டுமே, யூதர்களுக்குத் தனிநாடு கூடாது என்று வாதிட்ட அமெரிக்க யூத மன்றத்தின் தலைவர். பெவினைவிடக் கறாரான சியோனிச எதிர்ப்பு. ஆனால் அவர் தரப்பு, பாலஸ்தீனம் வேண்டாம், சரி, அமெரிக்கா கதவைத் திறக்கட்டும் என்றது, அதற்காகச் செலவும் செய்தது. 1946 டிசம்பரில் உருவான அகதிகளுக்கான குடிமக்கள் குழுவுக்கு இந்த வட்டாரத்தின் ஆதரவு பெரியது. அதன் தலைவர் யாரென்று பார்த்தால் நம்ம எர்ல் ஹாரிசன்! சியோனிச அமைப்புகளோ அந்த முயற்சியில் பட்டும் படாமலும்தான் இருந்தன. அகதிகள் அமெரிக்காவுக்குப் போய்விட்டால் பாலஸ்தீனத்துக்கு யார் வருவார்கள் என்ற கணக்கு அவர்களுக்கு. அகதியின் துன்பத்தை வாதத்துக்குக் கருவியாக்குவது ஒரு பக்கத்து வியாதி மட்டும் இல்லை.

அமெரிக்க காங்கிரஸ் என்ன செய்தது என்பது தனியாக எழுத வேண்டிய கூத்து. 1948 ஜூன் 25இல் ட்ரூமன் கையெழுத்திட்ட அகதிகள் சட்டம் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல் விசா கொடுத்தது. நிபந்தனை என்னவென்றால், 1945 டிசம்பர் 22க்குள் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி முகாம் பகுதிகளுக்கு வந்திருக்க வேண்டும். 30 சதவீதம் விவசாயிகளுக்கு, 40 சதவீதம் வேற்று நாடு இணைத்துக்கொண்ட பகுதிக்காரர்களுக்கு, அதாவது பெரும்பாலும் பால்டிக் மக்களுக்கு. யூதர் என்ற சொல்லே சட்டத்தில் தேவைப்படவில்லை, தேதியே வேலையை முடித்தது. எப்படி என்றால், போலந்தின் கியெல்ட்ஸே ஊரில் 1946 ஜூலை 4 அன்று, யூதர்கள் ஒரு பையனை நிலவறையில் அடைத்துவைத்தார்கள் என்ற புரளியை நம்பி, போலீஸும் சிப்பாய்களும் சேர்ந்தே 42 யூதர்களைக் கொன்றார்கள். வதைமுகாமில் பிழைத்துவந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அடுத்த மூன்று மாதங்களில் 70,000க்கும் மேற்பட்ட யூதர்கள் போலந்தை விட்டு ஓடினார்கள். அவ்வளவு பேரும் 1945 டிசம்பருக்குப் பிறகு வந்தவர்கள். சட்டம் யூத அகதிகளிடம் ஈவிரக்கமில்லாமல் பாரபட்சம் காட்டுகிறது என்று ட்ரூமனே சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

கியெல்ட்ஸேவுக்கு முன்பே, 1946 ஜனவரி 2 அன்று, ஃபிராங்க்ஃபர்ட்டில் ஐநா நிவாரண அமைப்பின் ஜெர்மனித் தலைவர் ஜெனரல் ஃப்ரெடரிக் மோர்கன் ஒரு செய்தியாளர் கூட்டம் போட்டார். போலந்தில் இருந்து வரும் யூதர்கள் நல்ல உடை, நல்ல சாப்பாடு, ரோஜா நிறக் கன்னம், பை நிறையப் பணம் என்று வருகிறார்கள், ஐரோப்பாவை விட்டு வெளியேற ஏதோ ஒழுங்கான திட்டம் இருக்கிறது என்றார். பெரிய ரகளை ஆயிற்று. இதில் ஒரு விஷயம் உண்மை: பிரிஹா என்று ஒரு ரகசிய அமைப்பு எல்லை தாண்டி ஆட்களைக் கடத்திக்கொண்டுதான் இருந்தது, திட்டம் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல பணப் பையும் சிவந்த கன்னமும் எதற்கு? உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்களைப் பணம் பிடித்த சதிகாரக் கூட்டமாக மாற்றியதில்தான் மோர்கன் சியோனிசத்தை விட்டு வேறு எங்கோ போய்விட்டார்.

இந்த வழுக்கலுக்கு இன்னும் சுத்தமான உதாரணம் ஜெனரல் ஈவ்லின் பார்க்கர். 1946 ஜூலை 22 அன்று ஜெருசலேமில் கிங் டேவிட் ஹோட்டலை இர்குன் என்ற சியோனிச ஆயுதக் குழு குண்டு வைத்துத் தகர்த்தது, 91 பேர் செத்தார்கள், பிரிட்டிஷ், அரபு, யூதர் எல்லோரும். பயங்கரவாதம், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. பாலஸ்தீனத்தில் படைத் தளபதியாக இருந்த பார்க்கர், யூதக் கடைகள், உணவகங்கள், வீடுகள் பக்கம் சிப்பாய்கள் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். பாதுகாப்பு நடவடிக்கை என்றிருந்தால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அவரோ, இந்த இனத்துக்குப் பிடிக்காத வழியில், அவர்கள் பணப்பையில் அடித்துத் தண்டிப்போம் என்று எழுதினார். குண்டு வைத்தவன் இர்குன்காரன், தண்டனை ஓர் இனத்துக்கு. உத்தரவு வெளியே கசிந்ததும் லண்டன் அரசே அதன் மொழியில் இருந்து விலகிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அடுத்த வருடம் இது பிரிட்டன் தெருவுக்கே வந்தது. 1947 ஜூலை 29 அன்று அக்கோ சிறையில் மூன்று இர்குன் ஆட்களை பிரிட்டன் தூக்கிலிட்டது. பதிலுக்கு இர்குன், பிடித்துவைத்திருந்த கிளிஃபர்ட் மார்ட்டின், மெர்வின் பைஸ் என்ற இரண்டு சார்ஜண்டுகளைத் தூக்கிலிட்டு, நெதன்யா பக்கம் மரத்தோப்பில் தொங்கவிட்டு, கீழே கண்ணிவெடியும் வைத்தது. ஆகஸ்ட் 1 அன்று டெய்லி எக்ஸ்பிரஸ் அந்தப் படத்தை முதல் பக்கத்தில் போட்டது. அந்த வாரக் கடைசி வங்கி விடுமுறை, அதாவது பொது விடுமுறை. லிவர்பூல், மான்செஸ்டர், கிளாஸ்கோ, ஹல் என்று ஊர் ஊராக யூதர் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. லிவர்பூலில் ஒரு யூதத் தொழுகைக்கூடத்துக்குத் தீ வைத்தார்கள். பிர்க்கன்ஹெட்டில் ஆடுமாடு அறுக்கும் தொழிலாளர்கள், யூத முறைப்படி இறைச்சிக்கு அறுக்க மாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். மான்செஸ்டர் பக்கத்து எக்கிள்ஸில் ஒரு முன்னாள் சார்ஜண்ட் மேஜர், ஹிட்லர் செய்தது சரி, ஆண் பெண் குழந்தை விடாமல் ஒழித்துக்கட்ட வேண்டும் என்று கூட்டத்தின் முன் கத்தினார், நீதிமன்றம் 15 பவுண்டு அபராதம் போட்டது. கண்ணாடி உடைந்த கடைக்காரருக்கும் நெதன்யாவுக்கும் என்ன சம்பந்தம்? அவரும் பிரிட்டிஷ் குடிமகன்தான், அதே யுத்தத்தில் மகனை அனுப்பியிருக்கவும் கூடும்.

மோர்கேம் என்ற கடற்கரை ஊரின் வாரப் பத்திரிகை ஆசிரியர் ஜேம்ஸ் கான்ட், எங்கள் ஊரைக் கெடுக்கும் யூதர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான் என்பது ஒன்றே மகிழ்ச்சி என்று எழுதி, அவர்களுக்குப் பொறுப்பை உணர்த்த வன்முறைதான் ஒரே வழியோ என்னவோ என்றும் முடித்தார். அரசு வழக்குப் போட்டது. நவம்பரில் நடுவர் குழு விடுதலை செய்தது. வழக்கை விசாரித்த நீதிபதி நார்மன் பர்க்கெட், நூரம்பெர்க்கில் நாஜிகளை விசாரித்த அமர்வில் பிரிட்டனின் மாற்று நீதிபதியாக உட்கார்ந்து வந்தவர்.

அந்தக் கலவரம் நடந்த அதே நாட்களில் பிரான்சின் போர்-த-பூக் துறைமுகத்துக்கு வெளியே மூன்று பிரிட்டிஷ் கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன. ஜூலை 11 அன்று செட் துறைமுகத்தில் இருந்து ஏறத்தாழ 4,500 யூத அகதிகளோடு பாலஸ்தீனத்துக்குக் கிளம்பிய எக்ஸோடஸ் கப்பலை பிரிட்டிஷ் கடற்படை 18ஆம் தேதி மோதிப் பிடித்தது, மூன்று பேர் செத்தார்கள். இப்படிப் பிடிபடுகிறவர்களை வழக்கமாக பிரிட்டன் சைப்ரஸ் தீவில் வைத்திருந்த முகாமுக்கு அனுப்புவார்கள், இந்த முறை பாடம் புகட்டவேண்டும் என்று பெவின் கிளம்பிய நாட்டுக்கே திருப்பி அனுப்பச் சொன்னார். ஹைஃபாவில் இவர்களை இழுத்து மாற்றுக் கப்பல்களில் ஏற்றுவதை பாலஸ்தீனம் பற்றிய ஐநா விசாரணைக் குழுத் தலைவர் எமில் சாண்ட்ஸ்ட்ரோம் கரையில் நின்று பார்த்தார். இப்படி ஒரு காட்சியை அந்தக் குழுவின் கண்ணெதிரே நடத்திக் காட்டிய அரசைப் புத்திசாலி என்று சொல்ல முடியாது. பிரான்ஸ், இறங்குகிறவர்களுக்கு அடைக்கலம் தருகிறேன், இறங்க மாட்டேன் என்பவர்களை இழுத்துப்போட மாட்டேன் என்றது. இறங்கியவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். மற்றவர்கள் ஆகஸ்ட் வெயிலில், கம்பிவலை அடித்த மேல்தளத்திலும் கீழே சரக்கு அறையிலும், குழந்தைகளோடு மூன்று வாரத்துக்கு மேல் கிடந்தார்கள். ரனிமீட் பார்க் கப்பலில் பிரிட்டிஷ் கொடியில் ஸ்வஸ்திகா வரைந்து தூக்கிப் பிடித்தார்கள், செய்தியாளர் ரூத் க்ரூபர் எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கப் போயிற்று. கடைசியில் மூன்று கப்பலும் செப்டம்பரில் போய்ச் சேர்ந்த இடம் ஹாம்பர்க். ஆமாம், ஜெர்மனி. இறங்க மறுத்தவர்களைத் தடியால் அடித்து இழுத்து, ரயிலில் ஏற்றி, லூபெக் பக்கத்து முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். எங்கள் கட்டுப்பாட்டில் இவ்வளவு பேரைத் தங்கவைக்க வேறு இடம் இல்லை என்பது லண்டன் சொன்ன காரணம். சொந்தத் தீவு அந்தக் கணக்கில் வரவில்லை.

ஐநாவில் அரபு தரப்பு இந்த முரண்பாட்டை நன்றாகவே பிடித்துக்கொண்டது. 1947 நவம்பரில் ஒரு துணைக்குழு, யூத அகதிகளை உறுப்பு நாடுகள் தத்தம் வசதிக்கேற்பப் பங்கிட்டு ஏற்க வேண்டும் என்ற தீர்மான வரைவைக் கொண்டுவந்தது. ஆதரவு 16, எதிர்ப்பு 16, நடுநிலை 26, அவ்வளவுதான், செத்துப்போனது. பாகிஸ்தானின் ஜஃப்ருல்லா கான், இட நெருக்கடியில் தவிக்கும் குட்டி நாடான ஆஸ்திரேலியா முடியாது என்கிறது, அதே நெருக்கடியில் கனடாவும் முடியாது என்கிறது, சின்ன நிலமும் சொற்ப வசதியும் உள்ள அமெரிக்காவும் முடியாது என்கிறது என்று கிண்டலடித்தார். அந்த விவாதத்திலேயே சிறந்த பேச்சு அது. ஆனால் அந்தத் தரப்பும் வழுக்கியது. எகிப்தின் ஹைகல் பாஷா, பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் பிரிவினை வந்தால் முஸ்லிம் நாடுகளில் வாழும் பத்து லட்சம் யூதர்களுக்கு ஆபத்து என்று அதே மன்றத்தில் சொன்னார். 1945 நவம்பரில் திரிப்பொலியில் நூற்றுக்கு மேல் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். 1947 டிசம்பரில் ஏடனில் 82 பேர். எக்கிள்ஸில் கத்தியவனும் ஏடனில் தீ வைத்தவனும் ஒரே தவறைத்தான் செய்தார்கள், பாலஸ்தீனக் கணக்கைப் பக்கத்துத் தெரு யூதனிடம் தீர்த்தது.

பெவின் உள்ளுக்குள் யூதரை வெறுத்தாரா என்று அவரை அறிந்தவர்களே இரண்டாகப் பிரிந்து சொல்லியிருக்கிறார்கள், அதைத் தோண்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. செய்ததைப் பார்த்தால் போதும். 1948 மே 14 அன்று இஸ்ரேல் அறிவிக்கப்பட்டது, பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்தது, வெள்ளை அறிக்கையும் அதன் ஒதுக்கீடும் காலாவதி. அரபுகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்ல ஆட்சியே இல்லை. ஆனாலும் போர் செய்யும் வயது என்று காரணம் சொல்லி சைப்ரஸ் முகாம்களில் ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து அடைத்துவைத்திருந்தார்கள். கடைசி ஆட்கள் வெளியேறியது 1949 பிப்ரவரியில்.